யாரும் திட்டவில்லை, பதவி உயர்வும் தரவில்லை: பிரிட்டன் அலுவலகத்தில் இனப்பாகுபாட்டை எதிர்கொள்வது எப்படி?

லண்டனிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறோம்.

திருச்சியில் படித்தவர். திறன்பணியாளர் விசாவில் வந்து, ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான்காவது வருடமாக வேலை பார்க்கிறார். நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இன்னும் கிடைக்கவில்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே மேலாளர் இவர் பெயரை இரண்டெழுத்தாகச் சுருக்கிவிட்டார். இன்றுவரை அதுதான் பெயர். மதியச் சாப்பாட்டின் வாசனையைப் பற்றி வாரம் ஒருமுறையாவது யாராவது கிண்டல் செய்வார்கள். போனில் ஒரு வாடிக்கையாளர் "இங்கிலீஷ்காரர் யாரிடமாவது கொடுங்கள்" என்றபோது, மேலாளர் அந்தக் கணக்கையே இவரிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அணித் தலைவர் பதவிக்கு நேர்காணல் நடந்தது. இவர் வேலை கற்றுக்கொடுத்த, ஒன்றரை வருடம் முன்பு சேர்ந்த ஒரு வெள்ளையினப் பெண்ணுக்கு அது போனது. மார்ச் 18 அன்று இவருக்குச் சொல்லப்பட்ட காரணம், "பேச்சில் இன்னும் மெருகு வேண்டும்."

இதே அலுவலகத்தில் நைஜீரியப் பின்னணி கொண்ட ஒருவருக்குத் தாமதமாக வந்ததற்காக எழுத்துபூர்வ எச்சரிக்கை கொடுத்தார்கள். அவர் ஒரு கூட்டத்தில் அதைக் கேள்வி கேட்டார். "அவர் ஆக்ரோஷமாகப் பேசினார்" என்று தட்டச்சு செய்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும்படி மேலாளர் வாசகியிடம் கேட்க, இவரும் போட்டுவிட்டார். அந்த மனிதர் குரலைக்கூட உயர்த்தவில்லை என்கிறார். இப்போது அவர் இனப்பாகுபாடு என்று முறைப்படி புகார் கொடுத்திருக்கிறார்; விசாரணை நடக்கப்போகிறது.

"யாரும் இனத்தைச் சொல்லித் திட்டியதில்லை. மேலாளர் நல்ல மனிதர், ஏழைக் குடும்பத்திலிருந்து வந்தவர், எனக்குக் குழந்தை பிறந்தபோது பூங்கொத்து அனுப்பினார். அவரை இனவெறியர் என்று எப்படிச் சொல்வது? ஆதாரமும் இல்லை. விசா போய்விடும், எதற்கு வம்பு என்கிறார் கணவர். என் போனில் இரண்டு கூட்டங்களை ரகசியமாகப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

மேலாளர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அதற்குள் போனால் வெளியே வர முடியாது. அவர் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. அவர் யாருக்கு எதைக் கொடுத்தார், யாருக்கு எதை மறுத்தார், உங்கள் இடத்தில் ஒரு வெள்ளையர் இருந்திருந்தால் அதே முடிவை எடுத்திருப்பாரா என்பதைத்தான் பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் பார்க்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் அதுதான் சட்டம். தோல் நிறம், தேசிய இனம், பூர்வீகம், குடியுரிமை எல்லாமே அதன் 9ஆம் பிரிவில் ‘இனம்’ என்ற சொல்லுக்குள் வருகின்றன.

மனதுக்குள் இருப்பதை நிரூபிக்க வேண்டியதில்லை என்பது நம் காதுக்குப் பழகிய பெயருள்ள ஒருவர் நடத்திய வழக்கில் உறுதியானது. லண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் பயணத் தகவல் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்தார் நாகராஜன். அந்த நிறுவனத்தின் மீது முன்பே இனப்பாகுபாட்டு வழக்குகள் போட்டிருந்தவர். நேர்காணலில் பேச்சுத் தெளிவுக்கு அவருக்குக் கிடைத்த மதிப்பெண் 10க்கு 1. அதே வேலையை முன்பு பார்த்த மனிதருக்கு இது நம்ப முடியாத அளவுக்குக் குறைவு என்று, வேலை தொடர்பான வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் கண்டது. வழக்கு, அப்போது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபைவரை போய் 1999இல் முடிந்தது. நேர்காணல் நடத்தியவர் தெரிந்தே செய்திருக்க வேண்டியதில்லை, தன்னையறியாத காரணம் முடிவைப் பாதித்திருந்தாலும் போதும் என்றார்கள் நீதிபதிகள். உங்களுக்குச் சொல்லப்பட்ட "மெருகு" என்ற காரணத்தை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

"ஏழைக் குடும்பத்திலிருந்து வந்தவர்" என்று அவருக்காக நீங்கள் வாதாடுவது உங்கள் நல்ல மனதைக் காட்டுகிறது. ஆனால் வெள்ளையினச் சலுகை என்று சொல்லப்படுவதை நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வெள்ளையர் எல்லோரும் சுகமாக வாழ்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவர் பட்ட கஷ்டங்களில் தோல் நிறத்தால் வந்தது என்று ஒன்று கிடையாது, அவ்வளவுதான். நம் ஊரில் "எங்கள் வீட்டில் சாதியே பார்ப்பதில்லை" என்று சொல்பவர் பெரும்பாலும் யாராக இருக்கிறார் என்று யோசித்தால் விளங்கும். சாதி அவரை எங்கும் தடுத்து நிறுத்தியதில்லை. அதனால் அது அவர் கண்ணில் படவில்லை. பெயரைச் சுருக்கிக்கொள்ள யாரும் சொல்லாதவருக்கும், தன் உச்சரிப்புக்கு யாரும் மதிப்பெண் போடாதவருக்கும் அலுவலகம் எல்லோருக்கும் பொதுவான இடமாகத்தான் தெரியும். 2019இல் ஆக்ஸ்ஃபோர்டின் நஃபீல்ட் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கள ஆய்வில், ஒரே தகுதியுள்ள பொய் விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். வெள்ளை பிரிட்டிஷ் விண்ணப்பங்களில் 100க்கு 24 பேருக்குச் சாதகமான பதில் வந்தது. சிறுபான்மையினருக்கு 15 பேருக்கு. அந்த விண்ணப்பங்களைப் பிரித்துப் படித்தவர்களிலும் பூங்கொத்து அனுப்பும் நல்லவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

எது வழக்காகும், எது ஆகாது

நீங்கள் அடுக்கியிருக்கும் சம்பவங்கள் எல்லாம் ஒரே எடை உள்ளவை இல்லை.

வாடிக்கையாளர் கணக்கை உங்களிடமிருந்து எடுத்தது மிகவும் கனமானது. நீங்களோ அதைக் கடைசிப் பத்தியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வாடிக்கையாளரின் இன விருப்பத்துக்கு இணங்கி ஊழியரின் வேலையை மாற்றுவது நேரடிப் பாகுபாடு. "அவர் கேட்டார், நான் என்ன செய்வது" என்பது தற்காப்பு ஆகாது. அந்தத் தேதியையும், மேலாளர் அனுப்பிய மின்னஞ்சல் இருந்தால் அதையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

பதவி உயர்வு நல்ல வழக்காகலாம், ஆனால் இன்னும் ஆதாரம் தேவை. உங்களுக்குக் கிடைக்கவில்லை, வெள்ளையருக்குக் கிடைத்தது என்பது மட்டும் போதாது. கூடுதலாக ஏதாவது வேண்டும் என்று மேல் நீதிமன்றம் 2007இல் சொல்லியிருக்கிறது. விளம்பரத்தில் இல்லாத அளவுகோல் நேர்காணலுக்குப் பிறகு முளைத்தது, மதிப்பெண் தாள் காணாமல் போனது, இருவர் கேள்வி கேட்டும் ஒருவர் குறிப்பு மட்டுமே இருப்பது, காரணம் ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்படுவது, நாலு வருட மதிப்பீட்டு அறிக்கைகளில் ஒருமுறைகூட வராத "பேச்சு மெருகு" திடீரென வருவது ஆகியவைதான் அந்தக் கூடுதல். இப்படிப்பட்ட உண்மைகளை நீங்கள் காட்டினால், சமத்துவச் சட்டத்தின் 136ஆம் பிரிவின்படி நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழும். முடிவில் இனத்துக்குத் துளியும் பங்கில்லை என்று அவர்கள்தான் காட்ட வேண்டும்.

ஒப்பிட ஒரு ஆள் கிடைத்தால் வழக்கு எவ்வளவு வலுவாகும் என்பதற்கு, இலங்கைப் பூர்வீகம் கொண்ட பல் சீரமைப்பு மருத்துவர் ஹேவகே ஸ்காட்லாந்தில் நடத்திய வழக்கு நல்ல உதாரணம். நிர்வாகத்தினரோடு அவருக்கு வந்த அதே மாதிரிச் சிக்கல் வெள்ளையின ஆண் மருத்துவர்களுக்கு வந்தபோது, அவர்களுக்கு ஆதரவு கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. 2012இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

ஒரு எச்சரிக்கை. எல்லோரையும் ஒரே மாதிரி மோசமாக நடத்தும் மேலாளர் மோசமான மேலாளர்தானே தவிர, பாகுபாடு காட்டியவர் ஆகமாட்டார். இதுவும் பிரபுக்கள் சபைத் தீர்ப்பு. பிறரையும் அவர் இப்படித்தான் நடத்துகிறாரா என்று நேர்மையாகப் பாருங்கள்.

பெயரும் சாப்பாடும் துன்புறுத்தல் என்ற 26ஆம் பிரிவுக்குள் வரலாம். இனம் தொடர்பான, நீங்கள் விரும்பாத நடத்தையாகவும், உங்கள் கண்ணியத்தைக் குலைப்பதாகவோ அவமானமான சூழலை உண்டாக்குவதாகவோ இருக்க வேண்டும். அப்படி எடுத்துக்கொண்டது நியாயமா என்றும் பார்ப்பார்கள். நாலு வருடம் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டதால் "அவருக்குப் பிடிக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியாது" என்பார்கள். ஆகவே இன்றே தெரிய வையுங்கள். அடுத்த முறை அங்கேயே, சிரிக்காமல், முழுப் பெயரைச் சொல்லித் திருத்துங்கள். மறுபடி நடந்தால் இரண்டு வரி மின்னஞ்சல்: என் பெயர் இது, தயவுசெய்து இப்படியே அழையுங்கள், சாப்பாட்டைப் பற்றிய பேச்சு எனக்கு வருத்தம் தருகிறது. பாதிச் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் அந்த மின்னஞ்சலே ஆதாரம்.

நாள்கணக்கு: எல்லோரும் தவறவிடும் இடம்

எம்ப்ளாய்மென்ட் டிரிப்யூனல் என்ற அந்தத் தீர்ப்பாயத்துக்குப் போக, சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. மார்ச் 18 முடிவுக்குக் கடைசி நாள் ஜூன் 17. அதற்குள் ‘ஏகாஸ்’ என்ற அரசு சார்ந்த சமரச அமைப்பில் நீங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். சமரச முயற்சி நடக்கும்வரை கெடு நிற்கும். முடிந்ததும் ஒரு சான்றிதழ் எண் தருவார்கள், அதைப் போட்டுத்தான் வழக்கு மனு தர முடியும். இந்தக் கெடுவை ஆறு மாதமாக்கும் சட்டம் 2025இல் நிறைவேறியிருந்தாலும், நீங்கள் மூன்று மாதம் என்றே கணக்கு வையுங்கள்.

அலுவலகத்துக்குள் புகார் கொடுத்தால் இந்தக் கெடு நிற்காது. "விசாரணை முடியட்டும், மேல்முறையீடு முடியட்டும்" என்று நிறுவனம் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருக்கும், நாள் ஓடிவிடும். நல்ல வழக்குகள் இப்படித்தான் வாசலிலேயே செத்துப்போகின்றன. தொடர்ந்து நடந்த செயல் என்று பழைய சம்பவங்களைக் கடைசிச் சம்பவத்தோடு கோக்க முடியும். ஆனால் பதவி மறுப்பைத் தனி நிகழ்வாகவே பெரும்பாலும் எண்ணுவார்கள். உங்களுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன.

ஆதாரம் சேர்ப்பது

"ஆதாரம் இல்லை" என்கிறீர்கள். அது உங்கள் கையில் இல்லை, நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வழி உண்டு. தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, உங்களைப் பற்றிய தகவல்களின் நகல் கேட்டு மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கட்டணம் இல்லை, ஒரு மாதத்துக்குள் தர வேண்டும், சிக்கலான கோரிக்கையானால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். எல்லாவற்றையும் தாருங்கள் என்று கேட்டால் இழுத்தடிப்பார்கள். குறுக்கிக் கேளுங்கள்: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை, இந்த மூன்று பேருக்கிடையில், என் பெயரோ அந்தச் சுருக்கப் பெயரோ வரும் மின்னஞ்சல்கள், என் நேர்காணல் குறிப்பு, மதிப்பெண் தாள். மற்றவரின் மதிப்பெண்ணை மறைத்துத்தான் தருவார்கள். அதைத் தனிக் கேள்வியாக வையுங்கள்: எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், அவர்களின் இனப் பின்னணி என்ன, ஒவ்வோர் அளவுகோலுக்கும் எவ்வளவு மதிப்பெண்? பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் மழுப்பினால் தீர்ப்பாயம் அதையும் எடைபோடலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, நடந்த அன்றே எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், யார் இருந்தார்கள், சொன்ன சொற்கள் அப்படியே. உங்கள் விளக்கம் வேண்டாம். அலுவலக ஆவணங்களை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். அது ஒழுங்கு நடவடிக்கைக்கு நீங்களே எடுத்துக்கொடுக்கும் காரணம்.

ரகசியப் பதிவு குற்றம் என்று பயப்பட வேண்டாம். தீர்ப்பாயம் அதை ஏற்கலாம். ஆனால் நிறுவனம் அதை நம்பிக்கை மீறலாக எடுத்து நடவடிக்கை எடுக்கவும் கூடும், உங்கள் நேர்மையைக் குறுக்கு விசாரணையில் கிளறவும் கூடும். இருக்கும் இரண்டையும் அழிக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், வழக்கறிஞரிடம் மட்டும் சொல்லுங்கள். இனிமேல் கூட்டத்தில் பதிவு செய்யலாமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

புகார்க் கடிதத்தில் ‘இனம்’ என்ற சொல் இருக்க வேண்டும்

நம்மவர்கள் எழுதும் புகார்களில் இரண்டு தவறுகள் வருகின்றன. ஒன்று, முதல் வரியிலேயே "என் மேலாளர் இனவெறியர்" என்று தொடங்குவது. அங்கிருந்து விசாரணை முழுக்க அவர் குணத்தைப் பற்றியதாகிவிடும். பூங்கொத்துக் கதையைச் சொல்ல அவருக்குப் பத்து சாட்சிகள் கிடைப்பார்கள். இன்னொன்று இதைவிட ஆபத்தானது: மரியாதைக்காக "நியாயமில்லை", "மனவருத்தம்" என்று மட்டும் எழுதிவிடுவது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதைத் தடுக்கும் 27ஆம் பிரிவு, நீங்கள் சமத்துவச் சட்டத்துக்கு எதிரான செயலைக் குற்றம்சாட்டினால்தான் உங்களைக் காக்கும். இனம் என்ற சொல்லே வராத புகாரால் அந்தப் பாதுகாப்பை இழந்தவர்கள் உண்டு. ஆகவே இப்படி எழுதுங்கள்: "இன்ன தேதியில் இன்ன முடிவு எடுக்கப்பட்டது. அதே நிலையில் இருந்த இன்னாருக்கு வேறுவிதமாக நடந்தது. என் இனம் இதற்குக் காரணம் என்று நம்புகிறேன். பதவித் தேர்வை மறு ஆய்வு செய்யவும், கணக்கைத் திருப்பித் தரவும் கோருகிறேன்." ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். விசாரணைக் கூட்டத்துக்குச் சக ஊழியரையோ தொழிற்சங்கப் பிரதிநிதியையோ அழைத்துப் போவது உங்கள் உரிமை, கணவரை அனுமதிக்கமாட்டார்கள்.

கணவரின் பயம்

அதில் நியாயம் இருக்கிறது. உங்கள் விசா அந்த நிறுவனத்தின் ஆதரவில் நிற்கிறது. வேலை போனால் நிறுவனம் உள்துறை அமைச்சகத்துக்கு 10 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். பிறகு அமைச்சகம் விசாக் காலத்தைக் குறைத்துக் கடிதம் அனுப்பும். பொதுவாக 60 நாட்கள் கிடைக்கும், அதற்குள் வேறு ஆதரவாளரைத் தேட வேண்டும். ஆனால் புகார் கொடுப்பதோ தீர்ப்பாயத்துக்குப் போவதோ விசாவைத் தொடாது. புகாருக்காக வேலையிலிருந்து நீக்குவது தனியாக இன்னொரு வழக்கு. அதில் வென்றாலும் விசா திரும்பி வந்துவிடாது என்பதால், கோபத்தில் ராஜினாமா மட்டும் செய்துவிடாதீர்கள். வேறு இடத்தில் ஆதரவுடன் வேலை தேடுவதையும் இப்போதே தொடங்குங்கள். அது கோழைத்தனம் இல்லை.

தீர்ப்பாயத்தில் இன்று கட்டணம் இல்லை; 2017இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. தோற்றாலும் எதிர்த்தரப்புச் செலவைக் கட்டச் சொல்வது அரிது. ஆனால் முழு விசாரணைக்கு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க நேரலாம், தீர்ப்பு உங்கள் பெயரோடு இணையத்தில் வரும். மனவேதனைக்கான இழப்பீடு, 2025 ஏப்ரலில் வந்த அளவுகளின்படி, லேசான வழக்குகளில் 1,200 முதல் 12,100 பவுண்டு, நடுத்தரத்தில் 36,400 வரை, மிகக் கடுமையானவற்றில் 60,700 வரை. சம்பள இழப்பு தனி. பெரும்பாலானவை ஏகாஸ் கட்டத்திலோ அதன் பிறகோ சமரசத்தில் முடிகின்றன. வழக்கறிஞர் செலவுக்கு, உங்கள் வீட்டுக் காப்பீட்டில் சட்டச் செலவுப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு இருப்பதே தெரியாது. வருமானம் குறைவானால் பாகுபாட்டு வழக்குகளுக்கு அரசு சட்ட உதவியும் உண்டு. இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் அலுவலகத்தில் கேளுங்கள்.

நீங்கள் போட்ட கையெழுத்து

இதைக் கடைசியாக எழுதுகிறேன். ஆனால் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

உங்கள் மேலாளரைப் பற்றி நான் சொன்னதெல்லாம் இங்கே உங்களுக்கும் பொருந்தும். நீங்கள் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. ஆனால் ஒரு கறுப்பின மனிதர் அமைதியாகக் கேள்வி கேட்டதை ஆக்ரோஷம் என்று பதிவு செய்ய உங்கள் பெயர் பயன்பட்டிருக்கிறது. உங்கள் கையெழுத்துக்கு அங்கே மதிப்பு அதிகம், ஏனென்றால் "இன்னொரு நிறத்தவரே சொல்கிறாரே" என்று காட்டலாம். கறுப்பினத்தவர் முரடர்கள் என்ற பேச்சை நம் வீடுகளிலும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்தச் சொல் தட்டச்சில் வந்தபோது அது உங்களை உறுத்தாமல் போனதில் அதற்கும் பங்கிருக்கலாம். இங்கே நீங்கள் இன்று நம்பியிருக்கும் சட்டத்துக்கு வழி போட்டவர்களில் அவர்கள் முன்னணியில் நின்றார்கள். பிரிஸ்டலில் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் பேருந்து ஓட்டுநராக, நடத்துநராக எடுக்க மறுத்தபோது, 1963இல் பால் ஸ்டீவன்சனும் கரீபிய இளைஞர்களும் பேருந்துப் புறக்கணிப்பு நடத்தித் தடையை உடைத்தார்கள். முதல் இன உறவுச் சட்டம் வந்தது 1965இல்.

வாக்குமூலத்தைத் திருத்தலாம். மனிதவளப் பிரிவுக்கு, மேலாளர் வழியாக அல்லாமல், நேரடியாக எழுதுங்கள்: இந்தத் தேதியில் கையெழுத்திட்ட வாக்குமூலத்தைத் திருத்த விரும்புகிறேன், ‘ஆக்ரோஷம்’ என்ற சொல் என்னுடையது அல்ல, தட்டச்சு செய்து தரப்பட்டது, நான் பார்த்ததும் கேட்டதும் இவை. பிறகு அவர் சொன்ன வாக்கியங்களை நினைவிருக்கும்வரை எழுதுங்கள், நினைவில்லாததை நினைவில்லை என்று எழுதுங்கள். அவருக்கு ஆதரவாகவும் ஒரு சொல் கூட்ட வேண்டாம். அவர் புகார் இனப்பாகுபாடு பற்றியது என்பதால், அது தொடர்பாக நீங்கள் தரும் உண்மையான தகவலுக்கும் அதே 27ஆம் பிரிவின் பாதுகாப்பு உண்டு. தெரிந்தே பொய் சொன்னவருக்கு அது கிடையாது. பழைய வாக்குமூலத்தை அப்படியே விட்டுவைப்பது உங்களுக்கும் ஆபத்து: பாகுபாட்டுக்குத் துணைபோனதாகத் தனிப்பட்ட முறையில் உங்கள் மீதே குற்றச்சாட்டு வரலாம்.

கடிதம் போய்ச் சேரும் முன் அவரிடம் இதைப் பற்றிப் பேசாதீர்கள். இருவரும் கூடிப் பேசி மாற்றியதாகச் சொல்லிவிடுவார்கள். அனுப்பிய நகலை வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதாகப் பதில் கேளுங்கள். அதன் பிறகு, விசாரணையின் ரகசிய விதி தடுக்காவிட்டால், நீங்களே அவரிடம் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அவர் மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவருடைய விசாரணைத் தேதி எது என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. அந்தத் தேதிக்கு முன் இது அவர்கள் கையில் இருக்க வேண்டும்.